காலிக் கோட்டையில் அண்டை வீடுகள்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விருத்தாசலத்திலிருந்து சேலம் நோக்கிப் போகும் சாலை குறுக்கிடும் இடத்தில் அமைந்தது நாம் வாழும் வேப்பூர். வெள்ளிக்கிழமை தோறும் இங்கே ஆட்டுச் சந்தை கூடும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் வெளி மாவட்டங்களிலிருந்து வியாபாரிகள் இரவோடிரவாக வந்து இறங்குவர். பொழுது நன்கு விடிவதற்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விடுவர். ஆடு வாங்கினார், தேநீர் அருந்தினார், வண்டி ஏறினார் என்பதோடு அவர்களுக்கும் ஊருக்குமான உறவு முடிந்துவிடும். ஆகவே, வந்து போகும் மனிதர் ஒரு தெருவின் குடியிருப்பையே மாற்றிவிட முடியும் என்னும் எண்ணம் நமக்கு நெடுங்காலம் தோன்றியதில்லை. இலங்கையின் தென் கரையில், காலிக் கோட்டைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை நின்றபோதுதான் அது தோன்றியது.

வெலிகமையைச் சேர்ந்த அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் அங்குச் சென்றிருந்தோம். 1892இல் நிறுவப்பெற்ற பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி அக்கோட்டைக்குள் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் அருகே, தொலைவிலிருந்து பார்ப்போர் கிறித்தவ ஆலயமோ என மயங்கும் வண்ணம் இரு கோபுரங்களுடன் நிற்கிறது 1904இல் கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளி. நாம் எதிர்பார்த்துச் சென்றவை இவையே. எதிர்பாராமல் கண்டது, பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் வீட்டுக்கு வீடு தொங்கிய விடுதிப் பலகைகள். உலகப் பெருநகரங்களில் இன்று நாள்வாடகை வீடுகளைப் பற்றி எழுந்துள்ள பூசல் நமக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் காலிக் கோட்டையின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் தகும்.

அவ்வூரைப் பற்றிய பழைய முஸ்லிம் சாட்சியம் இப்னு பதூதாவுடையது. 1344ஆம் ஆண்டில் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெற்கே தேவுந்துறைக்குச் சென்ற அவர், அங்கிருந்து காலிக்கு வந்தார். அது சிற்றூர் என்றே அவர் எழுதுகிறார். அங்கே நாகூதா இப்ராஹீம் என்று அறியப்பட்ட முஸ்லிம் ஒருவர் தம் இடத்தில் வைத்து விருந்தளித்தார் என்ற செய்தியையும் சேர்க்கிறார். நாகூதா என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் சொல். அந்த ஊரைப் பற்றி உலகப் பயணிக்கு நினைவில் நின்றது அதன் துறைமுகம் அன்று, விருந்தோம்பிய ஒரு வீடு.

இரண்டு தலைமுறைக்குப் பின் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் உள. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவுந்துறைத் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகளைச் சொல்கின்றன. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல சமயத்தாரும் பல மொழியினரும் வந்து போகும் துறையாகக் காலி அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வருவோர் போவோர் காலிக்குப் புதியவர் அல்லர். இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

போர்த்துக்கீசர் ஆட்சியில் சோனகர் பட்ட துன்பம் நம் வாசகர் அறியாததன்று. 1626இல் அவர்களைத் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றப் போர்த்துக்கீசர் ஆணையிட்டபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களில் சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். 1640இல் காலியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களே இன்று நாம் காணும் பெருமதில்களைக் கட்டியவர்கள். அவர்களும் சோனகரிடம் அன்பு காட்டியவர்கள் அல்லர். கொழும்பின் கோட்டையிலும் பேட்டையிலும் சோனகர் வீடும் நிலமும் உடைமையாக வைத்துக்கொள்வதை அவர்களின் சட்டம் தடுத்தது. பிரித்தானியர் அத்தடையை நீக்கியது 1832இல்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலி மீண்டும் தழைத்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் தபால் மாற்றவும் அங்கே நின்றன. கப்பல் பயணிகளிடம் மாணிக்கமும் ஆமையோட்டுப் பொருள்களும் விற்ற சோனக வணிகர் பொருள் ஈட்டினர். பின் கொழும்பில் புதிய அலைத்தடுப்புச் சுவர் எழவே, 1880களில் கப்பல்கள் அங்கே மாறின. காலி உறங்கிற்று. பறங்கியர் எனப்படும் டச்சு வழியினர் படிப்படியாகக் கோட்டையை விட்டுக் கொழும்புக்கும், பின்னாளில் கடல் கடந்தும் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் பலவற்றை விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தவர்கள் சோனகர்களே. ஆக, கோட்டைக்குள் ஒரு குடி அகன்று மறு குடி புகுந்தது இப்பொழுதுதான் முதல்முறை நிகழ்கிறது என்று நாம் சொல்லிவிட முடியாது. நம்மவரும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்களே. ஆனால் அவர்கள் வாங்கிய வீட்டில் வாழ்ந்தார்கள். அவ்வீட்டில் பிள்ளை பெற்று, அருகிருந்த மத்ரஸாவில் ஓதவைத்து, அப்பள்ளியிலேயே ஜனாஸாத் தொழவும் பட்டார்கள். தெருவின் பேச்சு தமிழாயிற்று. கீழக்கரை மாமேதை செய்யிது முஹம்மது ஆலிம் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் இலங்கையில் பலகாலம் தங்கிப் பல ஊர்களில் பள்ளிகளும் தைக்காக்களும் அமையக் காரணமானவர்; அந்த அர்வித் தமிழ் மரபின் வாசனை காலியின் பழைய வீடுகளிலும் வீசியது.

1988இல் யுனெஸ்கோ காலிப் பழைய நகரையும் அதன் கோட்டையையும் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 1994ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் காலி மரபுரிமை மன்றம் உருவாயிற்று. மதில் இடியக் கூடாது, தாழ்வாரத் தூண் மாறக் கூடாது, கூரையின் ஓட்டு வடிவம் கெடக் கூடாது என்று விதிகள் வகுக்கப்பட்டன. இவை நல்ல விதிகளே. எனினும் இவ்விதிகள் சுவரை எண்ணின, சுவருக்குள் இருந்தவரை எண்ணவில்லை. வீட்டின் முகப்பைக் காக்கச் சட்டம் உண்டு. வீட்டில் யார் உறங்குகிறார் என்பது அச்சட்டத்தின் கண்ணில் படாது.

அக்காலத்தில் கோட்டைக்குள் பயணிகள் தங்கியதில்லையா எனின், தங்கினர். குடும்பத்தார் தம் வீட்டின் ஓர் அறையை ஒழித்து, வெளிநாட்டுப் பயணிக்குக் கொடுப்பர். அவன் காலையில் வீட்டாரின் ஆப்பத்தை உண்பான், நடுமுற்றத்தில் வீட்டுப் பிள்ளைகளோடு பேசுவான், நாலாம் நாள் போவான். வீட்டாருக்கு வருமானத்தோடு வீடும் நிலைத்தது. இதில் நாம் குறை காண ஒன்றுமில்லை.

திரும்பம் 2002இல் ஏற்பட்டது. அவ்வாண்டு போர்நிறுத்தம் வந்தது. வெளிநாட்டார் வாங்கும் சொத்துக்கு விதிக்கப்பட்டிருந்த நூறு விழுக்காட்டு வரியும் நீக்கப்பட்டது. ஐரோப்பியரும் ஹாங்காங், சிங்கப்பூரில் பணியாற்றிய மேல்நாட்டாரும் கோட்டை வீடுகளை வாங்கத் தொடங்கினர். 2004இல் வரி திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் விலை பழைய நிலைக்கு இறங்காத உயரத்தை எட்டியிருந்தது. அவ்வாண்டு இறுதியில் டச்சுக்காலக் கட்டடமான நியூ ஓரியண்டல் ஓட்டல் அமன்கல்லா என்னும் பெயரில் பெருஞ்செல்வர் தங்கும் விடுதியாயிற்று. அதே டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வெளிநகரைச் சூறையாடியபோது, டச்சு மதில்கள் கோட்டைக்குள் இருந்தோரைப் பெரிதும் காத்தன என்பதையும் சொல்ல வேண்டும். கடலைத் தடுத்த மதில் பணத்தைத் தடுக்கவில்லை. வெளிநாட்டாருக்கு நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2014இல் வந்தபோது கோட்டையின் தெருக்கள் பெருமளவு மாறிவிட்டிருந்தன.

இதன் பின்னர்தான் நாள்வாடகை முறை வலுப்பெற்றது. 2008இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்கள், எந்த ஊரில் உள்ள எந்த வீட்டையும் எந்த நாட்டிலிருந்தும் ஒரிரவுக்கு வாடகைக்குப் பெறும் வழியை உண்டாக்கின. இதன் இயக்கம் எளிது. ஓர் ஆசிரியரோ எழுத்தரோ ஒரு மாதத்துக்குக் கொடுக்கக்கூடிய வாடகையைப் பயணி சில இரவுகளிலேயே கொடுத்துவிடுகிறான். அறை ஒன்றை மட்டும் விட்டுக் குடும்பம் உடனிருந்தால் தெருவுக்குப் பழுதில்லை. முழு வீட்டையும் விட்டால் ஒரு குடும்பம் குறைகிறது. அவ்வாறு வீடுகள் தொடர்ந்து குறைந்தால் மளிகைக் கடைக்கு வாடிக்கை குறைகிறது. அரிசி விற்ற கடையில் பனிக்கூழ் விற்கிறது. நடுமுற்றத்தில் சிறு நீச்சல் குளம் வருகிறது. எஞ்சிய வீட்டுக்காரர் உப்பு வாங்கவும் மதிலுக்கு வெளியே போக வேண்டியவராகிறார். பின் அவரும் விற்கிறார்.

விற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நம்மவர் தயங்குவர். ஒரு பெரிய வீட்டின் உரிமையாளர் இறந்தால் ஃபராயிள் முறைப்படி பங்குகள் பலவாகின்றன. ஆறு மக்கள், ஒரு மனைவி என்றால் ஏழு பங்காளிகள். வீட்டில் இருக்கும் ஒருவர் மற்ற அறுவரின் பங்கைச் சந்தை விலைக்கு வாங்க இயலாது. விலை குறைவாக இருந்த காலத்தில் உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர். விலை கோடிகளைத் தொட்டபின் விட்டுக்கொடுக்க மனம் வருமா? வீடு விற்கப்பட்டு, பங்குத்தொகை கைக்கு வந்து, கட்டுகொட, தலாப்பிட்டிய முதலிய வெளிப்பகுதிகளில் புது வீடுகள் எழுகின்றன. விற்றவர் ஏமாற்றப்படவில்லை. பலர் முன்னினும் வசதியாக வாழ்கின்றனர். அவர்களை நாம் குறைகூறப் புகுந்தால் அது நியாயமாகாது.

ஆயினும் விருந்தினர், அண்டை வீட்டார் என்னும் இருவருக்கும் நம் சட்ட மரபு தந்த இடத்தை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. விருந்தினரின் உரிமைக்கு எல்லை உண்டு. ஒரு நாளும் இரவும் சிறப்பான உபசாரம், மூன்று நாள் விருந்து, அதற்கு மேல் தர்மம் என்றும், வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குதல் ஆகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்ததாக ஹதீஸ் நூல்கள் கூறும். அண்டை வீட்டாரின் உரிமைக்கோ நாள் கணக்கு இல்லை. ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதால் அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு அது பெரியது.

வழிப்போக்கருக்கு வீட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றிய மிகப் பழைய வாதம் மக்காவில் நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஊரில் வாழ்பவரும் வெளியிலிருந்து வருபவரும் அங்குச் சமம் என்று அறிவிக்கும் சூரத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனத்தைக் கொண்டு, மக்கா வீடுகளை விற்பதும் வாடகைக்கு விடுவதும் கூடாது என்று ஒரு சாரார் கருதினர். ஹாஜிகள் விரும்பிய இடத்தில் இறங்க வேண்டும் என்பதற்காக வீடுகளுக்குக் கதவு வைப்பதையே உமர் (ரலி) அவர்கள் தடுத்ததாகவும், முதலில் கதவு வைத்த சுஹைல் இப்னு அம்ர் தாம் வணிகர் என்று காரணம் கூறியதாகவும் செய்தி உண்டு. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) மக்கா வீடுகளுக்கு வாடகை பெறுவதைத் தடுத்து எழுதியதாகவும் கூறுவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஹஜ்ஜுக் காலத்தில் வாடகை பெறுவதை வெறுத்தார்கள். மறுபுறம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இஸ்ஹாக் இப்னு ராஹவைஹியுடன் மக்காவிலேயே நடத்திய வாதத்தில், வீடு வீட்டுக்காரருடையதே என நிறுவினார்கள். முஹாஜிர்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர் என்று குர்ஆன் கூறும்போது வீட்டை அவர்களுக்கே உரியதாகச் சொல்கிறதல்லவா என்பது அவர்கள் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று. மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்ட நபியவர்கள், அகீல் நமக்கு வீடு ஏதும் விட்டுவைத்தாரா என்று வினவிய ஹதீஸ் மற்றொன்று. நாம் ஷாஃபிஈ இமாமின் வழியினர்; காலிச் சோனகரும் அவ்வாறே. இருப்பினும் இரு தரப்பாரும் எழுப்பிய கேள்வி ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. வருபவருக்கு இருப்பவர் எவ்வளவு கடமைப்பட்டவர்? இருப்பவரே இல்லாது போனால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பத் தேவை ஏற்படவில்லை.

அதற்கு நெருங்கிய கேள்வியை ஷுஃப்ஆ என்னும் பகுதியில் காணலாம். ஒருவர் தம் வீட்டை அயலாருக்கு விற்கும்போது, அதே விலைக்குத் தாம் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையே ஷுஃப்ஆ. ஹனஃபி சட்டத்தில் இவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கும், பாதையிலும் நீரிலும் பங்குள்ளவருக்கும், மூன்றாவதாக ஒட்டிய வீட்டாருக்கும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே. தமிழகத்தில் இவ்வுரிமை நிலைபெறவில்லை. 1870இலேயே சென்னை உயர் நீதிமன்றம், சொத்தை விற்கும் உரிமைக்கு இது தடை என்று கருதி, வழக்காறு இல்லாத இடத்தில் இதை ஏற்க மறுத்துவிட்டது. 1962இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அண்டை வீட்டார் என்ற ஒரே காரணத்துக்காக முன்னுரிமை கோருவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அஞ்சியது சாதி, சமயம் பார்த்து அயலாரைத் தெருவுக்குள் விடாமல் தடுக்கும் கருவியாக இது ஆகிவிடக் கூடும் என்பதை. அவ்வச்சம் பொய்யன்று; வாடகைக்கு வீடு தேடி, பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்ட அனுபவம் நம் மாணவர் பலருக்கு உண்டு. ஆகவே பழைய ஷுஃப்ஆவை அப்படியே மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அயலான் ஒருவன் குடியிருக்க வருவதும், ஒருவரும் குடியிருக்காதபடி வீடு வணிகப் பண்டமாவதும் வேறு வேறு என்பதே நம் கருத்து.

இன்றைய நகரங்கள் இவ்வேறுபாட்டையே தட்டுத்தடுமாறிச் சட்டத்தில் எழுத முயல்கின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், வீட்டுக்காரர் உடனிருந்தாலன்றி முப்பது நாளுக்குக் குறைந்த வாடகை செல்லாது. பார்சிலோனா நகராட்சி, சுமார் பத்தாயிரம் சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவித்தது. வெனிஸின் பழைய நகரில் வாழ்வோர் 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே சென்றனர். நம் உலகத்திலும் மொராக்கோவின் மர்ராக்கிஷ் நகரில், ரியாத் எனப்படும் முற்றத்து வீடுகளை 1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பியர் வாங்கி விடுதிகளாக்கிய கதை காலியின் கதையை அப்படியே ஒத்தது.

நமக்கு அண்மையிலுள்ள சான்று புதுச்சேரி. வேப்பூரிலிருந்து சில மணி நேரப் பயணம். அங்கே வெள்ளையர் குடியிருந்த கடற்கரைப் பகுதியின் மாளிகைகள் விடுதிகளாகிப் பல்லாண்டுகள் கழிந்தன. கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியிலும் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் அவ்வழியில் செல்கின்றன. காஜியார் தெரு, முல்லா வீதி, குத்பா பள்ளி, மீராப்பள்ளி என அமைந்த முஸ்லிம் தெருக்கள் இன்னும் குடும்பங்கள் வாழும் தெருக்களே. ஆனால் அக்குடும்பங்களில் பல பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பிரான்சில் வாழ்வன. பூட்டிய கதவுகளை அங்கே காணும்போதெல்லாம் நமக்குக் காலி நினைவு வருகிறது. பூட்டிய வீட்டுக்கு வரும் முதல் அழைப்பு இப்போது வாடகைக்குக் கேட்கும் குடும்பத்தினுடையதாக இருப்பதில்லை.

காலிக் கோட்டையில் விலைபோகாது நின்றது எது என்று பார்த்தால், அது இறைவனின் பெயரால் வக்ஃபு செய்யப்பட்டதே. பள்ளிவாசலை விற்க முடியாது; எவ்வளவு விலை வந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. 1956ஆம் ஆண்டின் இலங்கை வக்ஃபுச் சட்டம் அதற்கு அரணாக நிற்கிறது. குடியிருக்கும் வீட்டையே சந்ததியினர் வாழ வக்ஃபு செய்யும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய குடும்ப வக்ஃபுகளைச் செல்லாதவை ஆக்கியதும், முஸ்லிம்களின் நெடும் முயற்சியால் இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை மீண்டும் செல்லத்தக்கவை ஆக்கியதும் சட்டம் பயின்றோர் அறிந்ததே. அவ்வழக்கத்தைக் கையாண்டோர் பிற்காலத்தில் அருகினர். ஏனென்று கேட்டால், வீட்டை அடகு வைக்க முடியாது, விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பார்கள். உண்மைதான். விற்க முடியாமையே அதன் குறை. விற்க முடியாமையே அதன் பயன்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, அடுத்த ஆண்டின் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார வீழ்ச்சி என அடுத்தடுத்து மூன்று அடிகள் இலங்கைச் சுற்றுலாவின் மேல் விழுந்தன. அந்நாள்களில் கோட்டையின் விடுதிகள் விளக்கணைந்து கிடந்தன என்றார் நம்மை அழைத்துச் சென்ற நண்பர். குடியிருப்போர் இருந்த தெருவில் ஊரடங்கிலும் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கஞ்சி போகும். பலகை தொங்கும் தெருவில் யார் யாருக்குக் கொடுப்பது? இப்போது பயணிகள் மீண்டுவிட்டனர், பலகைகளிலும் விளக்கு எரிகிறது.

நாம் சென்ற வெள்ளிக்கிழமை மீரான் பள்ளி நிறைந்திருந்தது. தொழ வந்தவர்களில் பலர் மதிலுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். தொழுகை முடிந்தபின், வெள்ளைத் தொப்பியணிந்த முதியவர் ஒருவர் நம் பேச்சில் இந்தியத் தமிழைக் கேட்டு ஸலாம் சொல்லி அருகே வந்தார். தெருவில் சில எட்டு நடந்தபின் ஒரு கதவின் முன் நின்றார். “வாப்பா காலத்து வீடு. நான் பொறந்தது இதிலதான்” என்றார். கதவருகே காவலுக்கு நின்ற இளைஞன் நம் மூவரையும் பார்த்து, அறை வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். முதியவர் சிரித்து, வேண்டாம் மகன் என்று தமிழில் சொன்னார். அவனுக்கு அது புரியவில்லை. நண்பர் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, அவன் தலையசைத்து வழிவிட்டு நின்றான். முதியவர் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுக் கோட்டை வாசலை நோக்கி நடந்தார். கட்டுகொடவுக்குப் பகல் இரண்டு மணிக்கு ஒரு பேருந்து உண்டாம்.